கிழட்டு முயலை யார் பார்த்திருக்கிறார்கள்?

கிழட்டு நாயைப் பார்த்திருப்போம். டீக்கடை வாசலில் முகமெல்லாம் நரைத்துப் படுத்திருக்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழ மனமில்லாமல் வாலை மட்டும் ஒருமுறை ஆட்டும். கிழட்டு மாடு, கிழட்டுப் பூனை, கோயிலில் கிழட்டு யானைகூடப் பார்த்தாயிற்று. கிழட்டு முயல்? கண்ணில் புரை விழுந்து, பின்னங்காலில் மூட்டுவலி வந்து, நடக்கும்போது லேசாகச் சாய்கிற ஒரு முயலை உங்களில் எத்தனை பேர் பார்த்திருப்பீர்கள்?

வீட்டுக்குள் ஒழுங்காக வைத்துப் பார்த்துக்கொண்டால் 8 முதல் 12 வருடம் வாழ்கிற விலங்கு அது. ஒரு சாதாரண நாயின் ஆயுளுக்குப் பக்கத்தில் வருகிறது. ஆனாலும் நம் மனதில் இருக்கும் முயல் எப்போதுமே குட்டிதான்.

இந்தக் கேள்வி எனக்கு வந்ததற்குக் காரணம், எங்கள் அபார்ட்மெண்டில் வேலை மாற்றலாகிப் போன ஒரு குடும்பம் விட்டுச்சென்ற வெள்ளை முயல். மூன்று வயது இருக்கும் என்றார்கள். எங்களுக்கு ஒன்றும் தெரியாது, படித்துத் தெரிந்துகொள்ளலாம் என்று உட்கார்ந்தால், தமிழில் கிடைத்ததெல்லாம் ஒரே மாதிரி: எத்தனை வாரத்தில் எத்தனை கிலோ, ஒரு ஈற்றில் எத்தனை குட்டி, கூண்டு எத்தனை அடி. மூன்று வயது முயலை என்ன செய்வது என்று எதிலும் இல்லை. அந்தக் கணக்கில் மூன்று வயது முயல் என்று ஒன்று இருக்கவே கூடாது. அப்புறம்தான் இந்த விலங்கின் வரலாற்றைத் தோண்ட ஆரம்பித்தேன்.

தோண்டினால் முதலில் அகப்படுவது ஒரு போப். இணையத்தில் முயல் வளர்ப்பு வரலாறு என்று எங்கே தேடினாலும் இந்தக் கதை வந்துவிடும்: கி.பி. 600 வாக்கில் போப் கிரிகோரி, முயலின் கருக்குட்டி மீனோடு சேர்த்தி, அதனால் தவக்காலத்தில் சாப்பிடலாம் என்று ஆணை போட்டார். உடனே பிரான்ஸ் நாட்டு மடாலயத் துறவிகள் முயலைப் பிடித்து அடைத்து வளர்த்தார்கள். அப்படித்தான் காட்டு முயல் வீட்டு முயல் ஆனது. கதை அழகாக இருக்கிறது. மரபணு ஆய்வாளர்கள்கூடத் தங்கள் கட்டுரைகளில் இந்த வருடத்தை ஒரு நங்கூரம் மாதிரி பயன்படுத்தியிருக்கிறார்கள்.

2018இல் ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இவான் இர்விங்-பீஸ், கிரெகர் லார்சன் முதலானோர் இந்த ஆணையைத் தேடிப் போனார்கள். ஆணையே கிடையாது. பின்னாளில் யாரோ போப் கிரிகோரியையும் தூர் நகரத்து கிரிகோரி என்ற பிஷப்பையும் போட்டுக் குழப்பியிருக்கிறார்கள். அந்த பிஷப் எழுதியதும் துறவிகளைப் பற்றி இல்லை. ரோக்கொலேனஸ் என்ற ஒரு முரடன் தவக்காலத்தில் முயல்குட்டி தின்றான், கொஞ்ச நாளில் செத்தும் போனான் என்பதுதான் அவர் எழுதியது. மூலத்தைத் திறந்து பார்க்காமல் அடுத்தவர் பதிலை அப்படியே எடுத்து ஒட்டும் பழக்கம் எங்கள் மென்பொருள் துறைக்கு மட்டும் சொந்தம் இல்லை போலிருக்கிறது.

அந்த ஆய்வாளர்கள் சொல்லும் முக்கியமான விஷயம் வேறு. காட்டு முயல் வீட்டு முயலாக மாறிய 'அந்த நாள்' என்று ஒன்று கிடையாது. வேட்டையாடினார்கள், மதில் கட்டி உள்ளே விட்டார்கள், தீவுகளில் கொண்டுபோய் விட்டார்கள், கூண்டில் அடைத்தார்கள். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக, ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நடந்தது.

இங்கே ஒரு சின்ன விளக்கம். தமிழில் எல்லாவற்றுக்கும் முயல் என்றே சொல்லிவிடுகிறோம். நம் காடுகளிலும் வயல்வரப்புகளிலும் ஓடுவது காட்டுமுயல், வேறு இனம். அது வளை தோண்டாது. குட்டி பிறக்கும்போதே மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். வீட்டில் வளர்ப்பது குழிமுயல். மண்ணுக்குள் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்வது. குட்டி மயிரில்லாமல், கண் திறக்காமல் பிறக்கும். இதன் தாய்மண் ஸ்பெயினும் போர்ச்சுகலும் அதை ஒட்டிய தென்மேற்கு பிரான்சும். உலகத்தின் எல்லா வளர்ப்பு முயலும், காது தொங்குவதோ மயிர் சுருள்வதோ எதுவானாலும், இந்த ஒரே இனத்தின் வாரிசுதான்.

ரோமானியர்கள் ஸ்பெயினுக்குப் போனபோது இதைப் பார்த்தார்கள், பார்த்ததும் தின்றார்கள். மதில் சூழ்ந்த முயல் தோட்டம் அமைப்பது பற்றி வர்ரோ எழுதியிருக்கிறார். ஸ்பெயின்காரர்கள் கருக்குட்டியைக் குடல்கூட எடுக்காமல் தின்பார்கள் என்று பிளினி எழுதியிருக்கிறார். பலேரிக் தீவுகளில் முயல் பெருகி விளைச்சலை அழித்ததால், தீவுக்காரர்கள் அகஸ்டஸ் பேரரசரிடம் படை அனுப்பச் சொல்லிக் கேட்டார்களாம். முயலுக்கு எதிராகப் படை! சிரிப்பாக இருக்கலாம். 1859இல் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணைக்காரர் வேட்டை விளையாட்டுக்காக இங்கிலாந்திலிருந்து வரவழைத்த இரண்டு டஜன் முயல்கள் ஆஸ்திரேலியாவில் என்ன செய்தன என்று தெரிந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

ஆனால் அந்தக் காலத்திலேயே ஒரு விதிவிலக்கு இருந்திருக்கலாம். இங்கிலாந்தின் தென்கரையில் ஃபிஷ்போர்ன் என்ற இடத்தில் ஒரு ரோமானிய மாளிகை இருக்கிறது. 1964இல் அங்கே அகழ்ந்தபோது 4 சென்டிமீட்டர் எலும்புத்துண்டு ஒன்று கிடைத்தது. யாரும் கண்டுகொள்ளாமல் அரை நூற்றாண்டுக்கும் மேல் பெட்டியில் கிடந்தது. 2017இல்தான் ஒரு விலங்கெலும்பு நிபுணர் அது முயலின் கால் எலும்பு என்று அடையாளம் கண்டார். காலம், கி.பி. முதல் நூற்றாண்டு. அதில் கத்தி பட்ட தடம் எதுவும் இல்லை. அடைத்து வளர்க்கப்பட்டது போலவும் தெரிகிறது. ஒருவேளை அந்த மாளிகைக்காரருக்கு அது செல்லப்பிராணியாக இருந்திருக்கலாம் என்கிறார்கள். ஒரே ஓர் எலும்பை வைத்து இதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது. வெட்டுக்காயம் இல்லாத எலும்பு என்பதே செய்தியாகிற அளவுக்குத்தான் முயலின் நிலை.

இன்னொரு விதிவிலக்கு எனக்கு ரொம்பப் பிடித்தது. 1387இல் வின்செஸ்டர் பிஷப் வில்லியம் ஆஃப் விக்கம், ராம்சி மடத்துக் கன்னியர்களுக்கு ஒரு கண்டிப்பான கடிதம் எழுதுகிறார். சிலர் தேவாலயத்துக்குள் பறவை, முயல், வேட்டைநாய் என்று தூக்கிக்கொண்டு வருகிறார்கள்; ஜெபத்தைவிட அவற்றின்மேல்தான் கவனம் இருக்கிறது; இது உடனே நிற்கவேண்டும். ஆக, மடாலயத்துக்கும் முயலுக்கும் உறவு இருந்தது உண்மைதான். கட்டுக்கதையில் துறவிகள் முயலைத் தின்கிறார்கள். ஆவணத்தில் கன்னியர்கள் அதை மடியில் வைத்துக்கொண்டு திட்டு வாங்குகிறார்கள். எது பிரபலமாயிற்று என்று பாருங்கள்.

கூண்டுக்கு வருவோம். இடைக்கால இங்கிலாந்தில் முயல் பிரபுக்களின் சொத்து. வாரன் என்று சொல்லும் பரந்த நிலத்தில், அது தோண்டுவதற்கு வசதியாக மண்மேடு போட்டுக் கொடுத்து, காவல் போட்டு வளர்த்தார்கள். கடைசியில் கறிக்கும் தோலுக்கும்தான் என்றாலும், அதுவரைக்கும் அது ஓடியது, தோண்டியது, கூட்டமாக வாழ்ந்தது. சின்ன மரப்பெட்டிக்குள் அது வந்தது ஏழைத் தொழிலாளியின் கொல்லைப்புறத்தில்தான். நகரத்தில் நிலம் கிடையாது. பெட்டி வைக்க இடம் உண்டு. முயலுக்குச் சமையலறைக் கழிவைப் போட்டால் போதும், ஞாயிற்றுக்கிழமைக்குக் கறி. இரண்டாம் உலகப்போரில் இறைச்சி ரேஷன் வந்தபோது பிரிட்டிஷ் அரசே கொல்லைப்புற முயல் வளர்ப்பை ஊக்குவித்தது. முயல் வளர்ப்புச் சங்கங்களில் சேர்ந்தவர்களுக்குத் தவிட்டு ரேஷன் கிடைத்தது. போர் முடிந்தது. கறி தேவைப்படவில்லை. பெட்டி மட்டும் அப்படியே இருந்தது. அதில் குழந்தைகளுக்காக ஒரு முயலை வைத்தார்கள். இன்று செல்லப்பிராணிக் கடையில் முயல் கூண்டு என்று விற்கிற பொருள், மூன்று மாதத்தில் வெட்டப்போகும் விலங்குக்காக அளவெடுத்தது. அதை யாரும் திரும்ப அளக்கவில்லை. பழைய கோட் ஏன் இருக்கிறது என்று தெரியாமல், எடுத்தால் எதாவது உடையும் என்று விட்டுவைப்போமே, அந்த மாதிரி.

ஜப்பானில் நடந்தது தனிக்கூத்து. மெய்ஜி ஆட்சியின் தொடக்கத்தில், 1872-73 வாக்கில், வெளிநாட்டிலிருந்து வந்த முயல்கள்மேல் டோக்கியோவுக்குப் பைத்தியம் பிடித்தது. மயிரின் நிறத்துக்கும் புள்ளிக்கும் ஏற்ப விலை ஏறியது. ஏலம், சூதாட்டம், சாயம் பூசி ஏமாற்றுவது எல்லாம் நடந்தது. 1873 இறுதியில் அரசு ஒரு முயலுக்கு மாதம் 1 யென் வரி போட்டது. குமிழி உடைந்தது. நேற்று வரை செல்வமாக இருந்த முயல்கள் மறுவாரம் குழம்புக் கடைக்குப் போயின.

பியாட்ரிக்ஸ் பாட்டரின் கதையில்கூட இந்த இரட்டை நிலை அப்படியே இருக்கிறது. 'பீட்டர் ராபிட்' 1902இல் வந்தது. உலகம் முழுக்கக் குழந்தைகள் அறைக்குள் முயலை ஒரு கனவாகக் கொண்டுபோய்ச் சேர்த்த புத்தகம். அதன் ஆரம்பப் பக்கத்திலேயே பீட்டரின் அப்பாவை மெக்ரெகர் வீட்டம்மா சுட்டு பை ஆக்கிவிட்டாள் என்று அம்மா முயல் எச்சரிக்கிறது. ஆனால் பாட்டரின் நிஜ பீட்டர் லண்டனில் வாங்கிய முயல். அவரோடு ரயிலில் ஊர் ஊராகப் போனது, கணப்பு அடுப்புக்கு முன்னால் விரிப்பில் படுத்துக் கிடந்தது, ஒன்பதாவது வயதின் முடிவில் 1901 ஜனவரி 26 அன்று செத்தது. தான் தனியாக அச்சடித்த பிரதி ஒன்றில் பாட்டர் அந்தத் தேதியை எழுதிவைத்திருக்கிறார். ஒன்பது வயது! கதையின் பீட்டருக்கு நீலச் சட்டையும் சிறு வயதும் நிரந்தரம். நிஜ பீட்டர் கிழவன் ஆனதைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை.

அதே காலத்தில் முயலுக்கு மூன்றாவது ஒரு வீடும் தயாராகிக்கொண்டிருந்தது. ஆய்வகம். 1885 ஜூலை 6 அன்று பாரிசில் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசஃப் மைஸ்டருக்குப் போடவைத்த ஊசி, நோய் ஏற்றிய முயலின் தண்டுவடத்தை உலர்த்திச் செய்தது. 1931இல் மாரிஸ் ஃப்ரீட்மன் குழு கண்டுபிடித்த கர்ப்பச் சோதனைக்கு ஒவ்வொரு முறையும் ஒரு முயல் வேண்டும். பெண்ணின் சிறுநீரை அதற்கு ஏற்றிவிட்டு, பிறகு அறுத்து அதன் சினைப்பையைப் பார்க்கவேண்டும். 1944இல் அமெரிக்காவில் ஜான் டிரெய்ஸ் ஒரு சோதனையை முறைப்படுத்தினார்: ஷாம்பு, அழகுசாதனம், ரசாயனம் எதுவானாலும் முயலின் கண்ணில் விட்டு எவ்வளவு புண்ணாகிறது என்று பார்ப்பது. ஏன் முயல்? மலிவு. சாது. பெரிய கண், சொட்டு மருந்தைக் கழுவித் தள்ளும் அளவுக்குக் கண்ணீரும் வராது. முக்கியமாக, கத்தாது.

இந்தக் கத்தாமை பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். முயல் இரைவிலங்கு. வலிக்கிறது என்று காட்டிக்கொள்கிற முயலைத்தான் நரியும் பருந்தும் முதலில் தேர்ந்தெடுக்கும். அதனால் வலியை மறைப்பது அதன் உடலிலேயே ஊறியது. மூலையில் போய் அசையாமல் உட்காரும், சாப்பாட்டை விட்டுவிடும், பல்லை நறநறவென்று கடிக்கும். அவ்வளவுதான் அதன் கூப்பாடு. நாய் ஊளையிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கேட்பார். முயலுக்கு அந்த வசதி இல்லை. சாது என்று நாம் பாராட்டுவது பாதி நேரம் பயத்தில் உறைந்து கிடப்பதைத்தான்.

ஆக ஆய்வகத்துக்கு முயலின் ரத்தம் தெரியும், கண் தெரியும், சினைப்பை தெரியும். பண்ணைக்கு அதன் 10, 12 வாரம் தெரியும். கறிக்கான முயலை அந்த வயதிலேயே அனுப்பிவிடுவார்கள். இரண்டு தரப்புக்கும் தெரியாதது அதன் ஐந்தாவது வருடம். உலகத்தில் அதிகமாக ஆராயப்பட்ட விலங்குகளில் ஒன்று, தன் முதுமையில் மட்டும் கிட்டத்தட்ட ஆராயப்படாமலே இருந்தது.

மாற்றம் வந்தது கலிஃபோர்னியாவில் சில வரவேற்பறைகளிலிருந்து. 1985இல் மேரினெல் ஹாரிமன் என்ற பெண் 'ஹவுஸ் ராபிட் ஹேண்ட்புக்' என்று ஒரு கைநூல் போட்டார். முயலைக் கூண்டிலிருந்து எடுத்து வீட்டுக்குள் விடுங்கள், பூனை மாதிரி அதுவும் பெட்டியில் மலம் கழிக்கப் பழகும் என்பதுதான் அதன் அடிப்படைச் செய்தி. 1988இல் அவரும் நண்பர்களும் சேர்ந்து ஹவுஸ் ராபிட் சொசைட்டி ஆரம்பித்தார்கள். கைவிடப்பட்ட முயல்களை எடுத்து, கருத்தடை செய்து, வீடு தேடிக் கொடுப்பது வேலை.

பெட்டியில் போவது வித்தை ஒன்றும் இல்லை. காட்டில் குழிமுயல் கூட்டம் தன் எல்லையில் குறிப்பிட்ட இடங்களில்தான் புழுக்கை போடும். அது அவற்றின் எல்லைக்கல். அந்தப் பழக்கம் இரண்டாயிரம் வருடம் மனிதனோடு இருந்தும் போகவில்லை. சதுர அடிக்கணக்கில் கூண்டில் அடைத்திருந்தவரை எல்லை என்ற ஒன்றே அதற்குக் கிடையாது, அதனால் யாரும் பார்க்கவில்லை. பெட்டியின் ஒரு பக்கத்தில் புல்லை வையுங்கள், தின்றுகொண்டே போகும். கருத்தடை ஆனபிறகு அங்கங்கே சிறுநீர் தெளித்து எல்லை குறிப்பதும் பெரும்பாலும் அடங்கிவிடும்.

கருத்தடையில்தான் பெரிய அதிர்ச்சி. வளர்ப்பு முயல்களை வயதாக விட்டபோது, பெண் முயல்களுக்கு நாலைந்து வயதில் கருப்பைப் புற்றுநோய் சர்வசாதாரணமாக வந்தது. 1930, 40களிலேயே ஆய்வகங்களில் பார்த்துப் பதிந்துவைத்த விஷயம். ஆனால் பன்னிரண்டாம் வாரம் வெட்டுகிற இடத்தில் அந்தத் தகவலால் யாருக்கு என்ன? வீட்டுக்குள் விட்டவர்களுக்குத்தான் அது ஓர் அவசரச் செய்தியானது.

பல்லும் அப்படித்தான். முயலின் பல் வாழ்நாள் முழுக்க வளரும், கடைவாய்ப் பல் உட்பட. நார் நிறைந்த புல்லை நாள் முழுக்க அரைத்தால்தான் தேயும். பண்ணைத் தீவனக் குருணை எடை கூட்டச் செய்தது. மூன்று மாதத்துக்கு ஒரு பிரச்சினையும் தராது. மூன்று வருடம் அதையே போட்டால் பல் கோணலாக வளர்ந்து நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். கேரட் விஷயம் எல்லாருக்கும் தெரிந்த வேடிக்கை: பக்ஸ் பன்னி கையில் கேரட் வந்ததே 1934இல் வந்த ஒரு சினிமாவில் கிளார்க் கேபிள் கேரட் கடித்துக்கொண்டே பேசும் காட்சியைக் கிண்டல் செய்யத்தான் என்பார்கள். ஒரு ஹாலிவுட் ஜோக், உலகம் முழுக்க முயலின் சாப்பாட்டுப் பட்டியல் ஆகிவிட்டது. கேரட் அதற்கு இனிப்புப் பலகாரம். ஒரு வில்லை போதும். புல்தான் சாதம்.

புல் நின்றால் குடல் நிற்கும். முயலுக்கு வாந்தி எடுக்கத் தெரியாது. உள்ளே போனது முன்னால் நகர்ந்தே ஆகவேண்டும். அரை நாள் சாப்பிடாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது, உடனே மருத்துவரிடம் போகவேண்டும். அங்கே இன்னொரு ஆபத்து. நாய்க்கும் பூனைக்கும் நமக்கும் சாதாரணமான அமாக்சிசிலினை முயலுக்கு வாய்வழி கொடுத்தால், குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து முயல் சாகக்கூடும். நாங்கள் போன ஒரு மருத்துவமனையில் அந்த மருந்தைத்தான் எழுதினார்கள். கேட்டபோது அந்த மருத்துவர் கொஞ்சம் யோசித்து, அடித்துவிட்டு, வேறு எழுதிக்கொடுத்தார். அவரைக் குறை சொல்லத் தோன்றவில்லை. அவரிடம் வருகிற நூறு விலங்குகளில் முயல் எத்தனை இருக்கும்?

2014இல் உப்சாலா பல்கலைக்கழகத்தின் லெய்ஃப் ஆண்டர்சன் குழு காட்டு முயல், வளர்ப்பு முயல் மரபணுக்களை ஒப்பிட்டது. வளர்ப்பு விலங்காக்கும் 'ஒற்றை மரபணு' என்று எதுவும் சிக்கவில்லை. சின்னச் சின்ன மாற்றங்கள் ஏராளம். அவற்றில் மூளை, நரம்பு வளர்ச்சி சம்பந்தப்பட்டவை அதிகம். 2018இல் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். பயத்தைக் கையாளும் அமிக்டலா வளர்ப்பு முயலில் சிறுத்திருந்தது. அந்தப் பயத்தைக் கட்டுப்படுத்தும் முன்மூளைப் பகுதி பெருத்திருந்தது. நம் பக்கத்தில் இருப்பதற்காக அதன் மூளையே இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. நாம் ஓர் அடி கூண்டுக்கு வெளியே விட யோசிக்கிறோம். ஆனால் பயம் குறைந்திருக்கிறதே தவிரப் போய்விடவில்லை. மேலிருந்து தூக்கினால் பருந்து தூக்குவதாகவே அதன் உடம்பு நினைக்கும். எலும்பு லேசு, பின்கால் தசை பலம். பயந்து உதைத்தால் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும். அதனால்தான் முயல் வளர்ப்பவர்கள் தரையில் படுத்துக் கிடக்கிறார்கள். நாம் கீழே போகவேண்டும், அதுவாக வரும்.

தமிழ்நாட்டுக்கு இது வந்த வழியும் பண்ணை வழிதான். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. ஒயிட் ஜெயண்ட், சோவியத் சின்சில்லா என்று கறி முயல் இனங்களை வளர்த்து விவசாயிகளுக்குக் கொடுப்பார்கள். மலைக் குளிருக்கு அந்த இனங்கள் பொருந்தும். நியூசிலாந்து ஒயிட் என்று இன்னொன்று, பெயரில் மட்டும்தான் நியூசிலாந்து, உருவாக்கியது அமெரிக்காவில். நம் ஊர்ச் சந்தையில் பிள்ளைகள் கை நீட்டுகிற சிவப்புக் கண் வெள்ளைக் குட்டிகளில் பெரும்பாலானவை இந்த மாதிரிப் பண்ணை ரத்தம்தான். அப்படிப்பட்ட ஒன்று சென்னையில் மொட்டைமாடிக் கூண்டில் மே மாதத்தைச் சந்திக்கிறது. முயலுக்கு நம்மைப் போல் வியர்க்காது. காதில் ஓடும் ரத்தத்தை வைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். 30 டிகிரி தாண்டினாலே அதற்குக் கஷ்டம். எங்கள் வீட்டில் ஏப்ரலிலிருந்து ஃப்ரீசரில் தண்ணீர் பாட்டில்களை உறையவைத்துத் துணி சுற்றிப் பக்கத்தில் போடுகிறோம். மதியம் அதன்மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு கிடக்கும். வெளிநாட்டு டிமோத்தி புல் விலை கட்டுப்படியாகாத மாதங்களில் அருகம்புல் நன்றாக ஓடுகிறது, மருந்தடிக்காத இடத்துப் புல்லாகப் பார்த்து வாங்கினால்.

வாங்குவதா, எடுத்து வளர்ப்பதா என்ற கேள்விக்கு ஒரு சட்டம் பதில் சொல்லியிருக்கிறது. கலிஃபோர்னியா 2017இல் போட்டது, 2019 ஜனவரி 1 முதல் அமல்: செல்லப்பிராணிக் கடைகள் நாய், பூனை, முயல் இந்த மூன்றையும் காப்பகங்களிலிருந்தோ மீட்பு அமைப்புகளிலிருந்தோ மட்டும்தான் கொண்டுவந்து கொடுக்கலாம் என்று அப்போது அது சொன்னது. நாய், பூனை என்று சொல்லி மூன்றாவதாக முயலைச் சேர்த்ததுதான் எனக்கு முக்கியம். அந்த மாநிலத்திலேயே அது கறியாகவும் சட்டப்படி விற்கப்படுகிறது. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பார்களே, இங்கே முயல் ஒன்றுதான், பிடிக்கிறவரைப் பொறுத்துக் கால் மாறுகிறது.

கைநூலுக்கு இருநூறு வருடம் முந்தியே ஒருவர் இதையெல்லாம் செய்து பார்த்திருந்தார். வில்லியம் கூப்பர், ஆங்கிலக் கவிஞர். கடுமையான மனச்சோர்வில் ஓல்னி என்ற சிற்றூரில் ஒதுங்கி வாழ்ந்தார். 1774இல் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வளர்க்க முடியாமல் விட்ட ஒரு முயல்குட்டியை அவரிடம் கொடுத்தார்கள். அது காட்டுமுயல், நம் குழிமுயல் இல்லை. கூப்பர் ஏற்றுக்கொண்டார் என்று தெரிந்ததும் ஊரே முயல்குட்டி கொண்டுவர ஆரம்பித்துவிட்டது; மூன்றோடு நிறுத்திக்கொண்டார். பஸ், டைனி, பெஸ். பெயர்கள் எப்படி இருந்தாலும் மூன்றும் ஆண். அவரே தச்சுவேலை செய்து ஒவ்வொன்றுக்கும் தனி அறை கட்டினார். பகலில் கூடத்தில், மாலையானால் வரவேற்பறை விரிப்பில்.

1784இல் 'ஜென்டில்மன்ஸ் மேகசின்' இதழுக்கு இவற்றைப் பற்றி ஒரு நீண்ட கடிதம் எழுதினார். ஒரு நல்ல பக் ரிப்போர்ட் மாதிரி அவ்வளவு துல்லியம். எந்தக் கீரை பிடிக்கும், வைக்கோல் ஏன் வேண்டும், குளிர்காலத்தில் ரொட்டியோடு கேரட் சீவலும் ஆப்பிள் தோலும். பெஸ் சின்ன வயதிலேயே செத்தது, கழுவிக் காயாத பெட்டிக்குள் விட்டதால் என்று காரணத்தையும் மறைக்காமல் எழுதினார். மூன்றும் மூன்று குணம் என்றார். டைனி கடைசிவரை தொடவிடவில்லை, உறுமும், முன்காலால் அடிக்கும். பஸ் நோயில் விழுந்தபோது மூன்று நாள் தனியாக வைத்துப் பார்த்துக்கொண்டார். பிழைத்ததும் அது அவர் கையை நக்கியது. முதலில் புறங்கை, அப்புறம் உள்ளங்கை, அப்புறம் விரல் விரலாக.

கூப்பர் இறந்தபிறகு அவர் காகிதங்களுக்கு நடுவே ஒரு சிறு குறிப்பு கிடைத்தது. 1786 மார்ச் 9 என்று தேதி போட்டிருந்தது. இன்று பஸ் செத்தது, வயது பதினொரு வருடம் பதினொரு மாதம், பகல் பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் இடையில். காரணம் என்ற இடத்தில் முதுமை மட்டும்தான், வலி இருந்ததாகத் தெரியவில்லை என்று எழுதியிருந்தார்.